பதிமூன்றாம் எண் வீட்டுப் பலகை

வெலிச்கா அக்கா என் ஜெராக்ஸ் கடைக்குள் நுழைவதைப் பார்த்தாலே, இயந்திரத்தில் தாள் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வேன். ஒரு பக்கம் நகல் எடுத்துக்கொண்டு போகிறவர் இல்லை அவர். மூன்று பக்கத்துக்கு மனு எழுதிக்கொண்டு வருவார். நகராட்சிக்கு ஒன்று, மாவட்ட அலுவலகத்துக்கு ஒன்று, உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒன்று, தனக்கு ஒன்று. எடுத்துக் கொடுத்ததும் ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "இந்த ஓரம் மங்கலா இருக்கே, ஒக்னியான்" என்பார். நான் மறுபடி எடுப்பேன். ஒருமுறைகூட அந்த ஓரம் மங்கலாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

2018 மே மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் மனு எதுவும் இல்லாமல் வந்தார். பையை மேஜை மேல் வைத்தார்.

"பதினொண்ணு" என்றார்.

"என்ன பதினொண்ணு, அக்கா?"

"தொப்பிக் கடை. நம்ம தெருவுல இருக்கிறது மொத்தமே இருபத்தாறு வீடு. அதுல பதினொரு வீட்டுல தொப்பிக் கடை இருந்துச்சாம். பலகை போட்டிருக்கான். ஏன், நம்ம ஊர்க்காரனுக்கு அந்தக் காலத்துல ஆளுக்கு மூணு தலை இருந்துச்சா?"

முந்தின வாரம்தான் பலகைகளை மாட்டி முடித்திருந்தார்கள். சேணக்காரர் தெருவை நகராட்சி ஒன்றரை வருஷமாகத் தோண்டிப் போட்டிருந்தது. ஐரோப்பிய நிதி வந்ததாம். கருங்கல் பதித்து, பழங்காலம் மாதிரி விளக்குக் கம்பம் நட்டு, கார் போகக் கூடாது என்று இரண்டு முனையிலும் இரும்பு முளை அடித்து, கடைசியில் ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் பித்தளை நிறத்தில் ஒரு பலகை. இங்கே இன்னார் இன்ன தொழில் செய்தார் என்று அதில் இரண்டு வரி. என் கடை வாசலில் இருந்த பலகை "கைக்கடிகாரம் பழுதுபார்ப்பவர்" என்றது. நான் இந்த ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருஷம்தான் ஆகிறது. கடிகாரக்காரர் இருந்தார் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

"இங்க இருந்தது சைக்கிள் காத்தடிக்கிற இடம்" என்றார் வெலிச்கா அக்கா, வெளியே போகும்போது. "கடிகாரமாம்."

அவருக்கு இதெல்லாம் தெரிந்திருந்ததற்குக் காரணம் உண்டு. இதே தெருவில் இருபத்திரண்டாம் எண் வீட்டின் பின்கட்டில் பிறந்தவர். அம்மா மருத்துவமனையில் துணி வெளுத்தவர். 1967ல், பத்தொன்பது வயதில், தபால் பையைத் தோளில் மாட்டினார். முப்பத்துநான்கு வருஷம் கழித்துத்தான் இறக்கி வைத்தார். இன்றைக்கும் அவருடைய வலது தோள் இடது தோளைவிட இரண்டு விரற்கடை தாழ்ந்திருக்கும். கணவர் தீமோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், இறந்து பல வருஷம் ஆகிறது. மகள் ஸ்பெயினில் ஆரஞ்சுப் பழம் பெட்டியில் அடுக்கும் வேலையில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் செய்வாள். "அம்மா, அந்தத் தெருவை விட்டுட்டு இங்க வாயேன்" என்பாள். "இங்க வேலை இருக்கு" என்று இவர் வைத்துவிடுவார்.

இந்தத் தெருவுக்கு மூன்று முறை பெயர் மாறியிருக்கிறது. ராஜா காலத்தில் ஒரு இளவரசியின் பெயர், போர் முடிந்ததும் ஒரு தளபதியின் பெயர், பிறகு ஏதோ ஒரு தேதி, இப்போது சேணக்காரர்கள். அறுபத்திரண்டில் மூலையில் இருந்த வீடுகளை இடித்துக் கட்டியபோது எண்களும் மாறின. பழைய ஒன்பது, புதிய பதிமூன்று ஆயிற்று. ஊரை விட்டுப் போனவர்களுக்கு இது தெரியாது. அவர்கள் இளவரசி தெரு, எண் ஒன்பது என்றே எழுதுவார்கள். மற்றத் தபால்காரர்கள் அப்படி வந்த கடிதங்களை "விலாசம் இல்லை" என்று திருப்பிவிடுவார்கள். வெலிச்கா அக்கா சரியான வாசலில் கொண்டுபோய்க் கொடுப்பார். அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. "என் பையில விழுந்த காயிதம் வாசல் தெரியாம நின்னதில்ல" என்பார்.

பலகைத் திட்டத்தைப் பார்த்துக்கொண்டது எலித்சா என்ற நகராட்சி ஊழியர். முப்பது வயதுப் பெண், எப்போதும் அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்ற முகம். எழுதுவதற்கு முன்னால் தெருவாசிகளிடம் போய்ப் பேச்சைப் பதிவு செய்துகொண்டுதான் போனாள். வெலிச்கா அக்கா நான்கு மணி நேரம் பேசியிருக்கிறார். வாதுமைக் கேக் வேறு செய்து வைத்திருந்தார். ஐந்தாம் எண்ணில் வினிகர்க் கடை, எட்டில் பேன் ஒழிக்கும் குளியல் கூடம், பதினொன்றில் விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும் கறிக் கடை, பதிமூன்றில் சவப்பெட்டிக் கடை, பத்தொன்பதின் மாடியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் எங்கே போகிறார்கள் என்று எழுதிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள். இதில் ஒன்றுகூடப் பலகையில் வரவில்லை. கேக்கை மட்டும் எலித்சா பாதி சாப்பிட்டாள் என்று அக்கா பிற்பாடு சொன்னார்.

மறுநாளே நகராட்சிக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அவருக்கு முழங்கால் வலி, அங்கே லிஃப்ட் வேலை செய்யாது, மூன்று மாடி.

"அக்கா, சுற்றுலாக்காரங்க வந்து பாக்குற இடம்" என்றாள் எலித்சா. "பேன் குளியல்னு சுவத்துல எழுத முடியுமா?"

"பேன் இருந்துச்சே."

"இருந்துச்சு, நான் இல்லன்னு சொல்லல. ஆனா கீழ பீட்சா கடை இருக்கு. அந்த ஓனர் எழுத்துமூலமா மறுப்புக் கொடுத்திருக்காரு."

"சவப்பெட்டிக் கடை?"

"பதிமூணு தானே? க்ராசென் ஐயா தன் குடும்பத்தோட தொப்பிக் கடைன்னு சொன்னாரு. வீட்டுக்காரர் சொல்றத நாங்க எப்படி இல்லன்னு சொல்ல முடியும்?"

"அப்ப நான் சொன்ன நாலு மணி நேரம்?"

"அது பதிவாயிருக்கு, அக்கா. பத்திரமா இருக்கு."

மாடிப்படியில் இறங்கும்போது ஒவ்வொரு படிக்கும் ஒருமுறை "பத்திரமா இருக்காம்" என்று சொல்லிக்கொண்டே வந்தார். மூன்று மாடி. நான் எண்ணவில்லை.

க்ராசென் பர்வானோவ் பதிமூன்றாம் எண்ணின் தரைத்தளத்தில் காபிக் கடை வைத்திருப்பவர். ஐம்பத்தாறு வயது, சாது, யாரிடமும் சண்டைக்குப் போகாதவர். அவர் பலகையில் "பர்வானோவ் குடும்பத் தொப்பிக் கடை, 1924 முதல்" என்று இருந்தது. கடை ஜன்னலில் ஐந்து மரத்தலைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் மேலும் ஒரு தொப்பி மாட்டியிருந்தார்.

"க்ராசென், உங்க தாத்தா தொப்பி தைச்சாரா?" என்றார் அக்கா, காபிக்குச் சொல்லிவிட்டு.

"தைச்சாரு அத்தை."

"உங்க தாத்தா பட்டாளத்துல குதிரைக்கு லாடம் அடிச்சவரு. நீங்க இந்த வீட்டுக்கு வந்ததே ஐம்பத்தொண்ணுல. மாடியில ரெண்டு ரூம் ஒதுக்கிக் கொடுத்தாங்க. கீழ ஹ்ரிஸ்தாக்கி சவப்பெட்டி பண்ணிட்டிருந்தாரு. நான் பள்ளிக்கூடம் போறப்ப வார்னிஷ் வாசனைக்கு மூக்கைப் பொத்திட்டு இந்த வாசலைத் தாண்டுவேன்."

"அப்ப பரண்ல இந்த அஞ்சு தலை எப்படி வந்துச்சு? நான் சின்னப் பிள்ளையில இருந்து பாக்குறேன். சவப்பெட்டிக்காரருக்குத் தலை எதுக்கு, அளவு பாக்கவா?"

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். அக்காவுக்குக் காது சிவந்துவிட்டது.

"தலை எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. ஆனா இங்க தொப்பிக் கடை இருந்ததில்ல. ஒருநாளும் இருந்ததில்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லியிருக்க வேண்டாம். சொன்னது போதாதென்று மனுவிலும் எழுதினார். அந்தக் கோடை முழுவதும் ஏழு மனுக்கள், ஏழிலும் "ஒருநாளும்" என்பதை அடிக்கோடிட்டிருந்தார். நான்தான் நகல் எடுத்தேன், எனக்குத் தெரியும். முதல் மனுவுக்கு வந்த பதில், மனு பெறப்பட்டது என்றது. இரண்டாவதுக்கு வந்த பதில், முதல் மனுவுக்குப் பதில் அளிக்கப்பட்டுவிட்டது என்றது. நான்காவதுக்குத்தான் விஷயம் வந்தது: தனிநபரின் நினைவு ஆவணமாகக் கருதப்படாது, உரிய ஆவணத்தை இணைக்கவும். ஆவணக் காப்பகத்துக்குப் போனார். அங்கே அந்த வீட்டுக்கும் உங்களுக்கும் என்ன உறவு என்று கேட்டார்கள்.

"தபால் போட்டவ" என்றார்.

அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை.

இதற்கு நடுவில் கென்கோ வேறு. பதினேழாம் எண்ணில் குடியிருந்த கென்கோவுக்கு எழுபத்தொன்பது வயது. பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர், மனிதர்கள் எல்லோரும் டிக்கெட் இல்லாமல் வருகிறவர்கள் என்று இன்னும் நம்புகிறவர். என் கடை வாசலில்தான் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள், என் துரதிர்ஷ்டம்.

"சவப்பெட்டியும் இல்ல, தொப்பியும் இல்ல" என்பார் கென்கோ. "அது குடை ரிப்பேர்க் கடை. என்கிட்ட போட்டோவே இருக்கு."

"அப்ப காட்டு."

"காட்ட வேண்டிய இடத்துல காட்டுவேன்."

"ஒம்பது வருஷம் உன்னைவிடச் சின்னவ நான். என் புத்தி உன்னோடதைவிட ஒம்பது வருஷம் புதுசு."

"அதான் அனுபவம் பத்தல."

கடைக்கு வந்தவர்கள் உள்ளே வர வழியில்லாமல் நிற்பார்கள். நான் உள்ளேயிருந்து சாவி வெட்டும் இயந்திரத்தை வெறுமனே ஓட்டுவேன், சத்தத்தில் பேச்சு நிற்கட்டும் என்று. நிற்காது.

அக்டோபரில், ஏழு மனுக்களின் தொல்லை தாங்காமல், நகராட்சி தெருவாசிகள் கூட்டம் ஒன்றை வாசகசாலையில் போட்டது. நாற்பது பேர் வந்திருந்தார்கள். எலித்சா மேடையில். வெலிச்கா அக்கா எழுந்து நன்றாகத்தான் பேசினார். யார் எந்த வருஷம் எந்த வீட்டில் இருந்தார்கள் என்று தாள் பார்க்காமல் சொன்னார். ஆட்கள் தலையாட்டிக்கொண்டு கேட்டார்கள். பதிமூன்றாம் எண்ணுக்கு வந்ததும், "அங்க ஒருநாளும் தொப்பி வித்ததில்ல" என்று முடித்தார்.

அப்போது கென்கோ எழுந்து, உள்பையில் இருந்து ஒரு புகைப்படத்தை எடுத்தார். அவருடைய அப்பா அம்மாவின் கல்யாணப் படம், 1938. மணமக்கள் தெருவில் நிற்கிறார்கள், பின்னால் ஒரு கடை ஜன்னல். அதில் தொங்குவதெல்லாம் குடை என்பது கென்கோவின் கட்சி. எலித்சா படத்தைத் திரையில் பெரிதாகக் காட்டினாள். குடைகள் இல்லை. நீள நீள நாடா தொங்கும் பெண்கள் தொப்பிகள். மேலே பலகையில் "தொப்பிகள்" என்ற எழுத்து, எல்லோரும் படிக்கும்படி. வாசற்படியின் இரண்டு கல் சிங்கங்கள் இன்றைக்கும் பதிமூன்றாம் எண்ணில் இருக்கின்றன, ஒன்றுக்கு மூக்கு இல்லை. படத்திலும் மூக்கு இல்லை.

க்ராசென் கை தட்டவில்லை, ஆனால் அவருடைய மனைவி தட்டினாள். பிறகு மற்றவர்களும் தட்டினார்கள். "அப்ப இந்த விஷயம் முடிஞ்சது" என்றாள் எலித்சா, நிம்மதியோடு. வெலிச்கா அக்கா தன் கோப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தார். கென்கோவுக்கும் அன்றைக்கு மூக்கு உடைந்ததுதான், ஆனால் அவரை யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பது நாள் அவர் கடைப்பக்கம் வரவில்லை. முதல் மூன்று நாள் எனக்கு நிம்மதியாக இருந்தது. நான்காம் நாள் தாள் கட்டை எடுத்து இயந்திரத்தில் நிரப்பிவிட்டு, யாருக்காக நிரப்பினேன் என்று எனக்கே எரிச்சல் வந்தது. ஒன்பதாம் நாள் ரொட்டிக் கடைக்காரி, அக்கா இரண்டு நாளாக ரொட்டி வாங்கவில்லை என்றாள். அன்று காலை கடையைப் பூட்டிவிட்டு அவர் வீட்டு மாடியேறிப் போனேன்.

சமையலறையில் கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. எனக்கு ஞாபகம் இருக்குன்னு நான் நினைச்சிட்டு இருந்தது எதெல்லாம் நிஜம்னு யோசிச்சிட்டிருக்கேன். வினிகர்க் கடை அஞ்சாம் நம்பர் தானே? இல்ல ஏழா?"

"அஞ்சு தான்."

"நீ எப்ப வந்த இந்தத் தெருவுக்கு? உனக்கென்ன தெரியும்."

எனக்கும் கோபம் வந்துவிட்டது. ஐந்து மாதமாக என் கடையை ஒரு வழி பண்ணிவிட்டு, ஒரு புகைப்படத்துக்கு இப்படி உட்காருவதா என்று சத்தம் போட்டுவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அதே நாள் மதியம் கென்கோ வந்தார், அந்தக் கல்யாணப் படத்தோடு. பத்து நகல் வேண்டுமாம், சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க. குடைக் கதையை அவர் மறந்துவிட்டிருந்தார். "நான்தான் தொப்பிக் கடையைக் கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நகல் எடுக்கும்போது பார்த்தேன். பெயர்ப்பலகையில் "தொப்பிகள்" என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது, சிறிய எழுத்தில். பாதியை மணமகனின் தோள் மறைத்திருந்தது. அந்த மூலையை மட்டும் நான்கு மடங்கு பெரிதாக்கி எடுத்தேன். புள்ளிபுள்ளியாகத்தான் வந்தது. ஆனால் படிக்க முடிந்தது. "ரெ. அலாஜெ" வரைக்கும்.

பர்வானோவ் என்று எங்கேயும் இல்லை.

மறுபடி மாடியேறினேன். அக்கா அந்தத் தாளை வாங்கி, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். ஓரம் மங்கலா இருக்கே என்று சொல்லவில்லை.

"அலாஜெம்" என்றார். "ரெபெக்கா அலாஜெம்."

"தெரியுமா உங்களுக்கு?"

"ஆளைத் தெரியாது. எழுத்தைத் தெரியும்."

அப்புறம்தான் சொன்னார். அவர் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷத்தில் இருந்து, புதுவருஷத்தை ஒட்டி, கடல் கடந்து யாஃபா என்ற ஊரிலிருந்து ஒரு கடிதம் வரும். இளவரசி தெரு, எண் ஒன்பது, வீட்டில் இருப்பவர்களுக்கு என்று மட்டும் விலாசம். அனுப்புநர் இடத்தில் ரெ. அலாஜெம். பழைய எண்ணைக் கண்டுபிடித்து, பதிமூன்றாம் எண்ணின் மாடிக்கு ஏறி, கதவைத் தட்டிக் கொடுப்பார். க்ராசெனின் அம்மா ஸ்தெஃபானா உறையைப் பார்ப்பாள், கையால் தொடமாட்டாள், "வேண்டாம், திருப்பி அனுப்பு" என்பாள். விதிப்படி "பெற மறுப்பு" என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்புவார். அறுபத்தெட்டிலிருந்து எழுபத்துநாலு வரை ஏழு கடிதம். பிறகு வரவில்லை.

"ஏன் மறுக்கிறாங்கன்னு ஒருநாளும் கேக்கலையா?"

"கேக்கிறது என் வேலை இல்ல. வாசலைக் கண்டுபிடிக்கிறது தான் என் வேலை. நல்லாத்தான் கண்டுபிடிச்சேன், போ." கோட்டின் பொத்தானைப் போட ஆரம்பித்தார். "எழுந்திரு. க்ராசென்கிட்ட போகலாம்."

காபிக் கடையில் கூட்டம் இல்லை. அக்கா பெரிதாக்கிய தாளை மேஜை மேல் விரித்தார். எதுவும் கத்தவில்லை. அலாஜெம் யார் என்று மட்டும் கேட்டார். க்ராசென் தாளைப் பார்த்தார், ஜன்னலில் இருந்த மரத்தலைகளைப் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒரு காயிதம் வரும்" என்றார். "ஒவ்வொரு வருஷமும். அம்மா அன்னைக்கு முழுக்க யார்கிட்டயும் பேச மாட்டாங்க. ஒருதடவை நான் கேட்டேன், யாருதுன்னு. வீட்டைக் கேட்டு எழுதுறாங்கன்னு சொன்னாங்க. நம்மளை வெளிய அனுப்பிடுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க. அப்புறம் அம்மாவே ஒரு நாள், உங்க தாத்தா தொப்பிக்காரருன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. நான் நம்பிட்டேன், அத்தை. பரண்ல தலை இருக்கே. நம்பாம என்ன பண்ணுவேன்?"

"காயிதத்தைப் பிரிச்சுப் பாத்தீங்களா, ஒண்ணாவது?"

"இல்ல."

"நானும் பிரிக்கல" என்றார் அக்கா. "அப்ப அதுல என்ன இருந்துச்சுன்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியாது. அருமை."

யாஃபா விலாசம் அவருக்கு மனப்பாடமாக இருந்தது. நாற்பத்துநான்கு வருஷம் கழித்து, தெருப் பெயர், எண், மாடி எல்லாம். ஏழு வருஷம் திருப்பி அனுப்பியது மறக்குமா என்றார். அன்றைக்கே கடிதம் எழுதினார். நான் அதை என் போனில் ஆங்கிலத்துக்கு மாற்றி இன்னொரு தாளில் எடுத்து இணைத்தேன். தபால் நிலையத்தில் கவுண்டரில் இருந்த பெண் அஞ்சல்தலையைக் கோணலாக ஒட்டினாள் என்று அங்கே ஒரு சண்டை.

ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது. எழுதியவர் ஒரு பல் மருத்துவர். அந்த இடத்தில் இப்போது அவருடைய மருத்துவமனை இருக்கிறதாம். அவருக்கு முன்னால் செருப்புக் கடை இருந்தது, அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று தெரியாது, இந்தத் தெருவில் எல்லாமே மாறிவிட்டது என்று எழுதியிருந்தார்.

"அங்கயுமா?" என்றார் அக்கா எரிச்சலோடு.

ஆனால் அந்த மருத்துவர் நல்ல மனிதர். மூன்றாம் மாடியில் ரஹமிம் என்றொரு கிழவர் இருக்கிறார், அவரிடம் கடிதத்தைக் கொடுத்தேன், இத்துடன் அவர் எழுதியதை இணைத்திருக்கிறேன் என்று முடித்திருந்தார். இரண்டு பக்கம், எங்கள் மொழியில், எங்கள் பாட்டன்மார் காலத்து எழுத்துக் கூட்டலில். நான் வாசித்தேன், அக்கா கேட்டார், க்ராசென் காபி இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து நின்றார்.

ரெபெக்கா அலாஜெம் நாற்பத்தொன்பதில், யூதர்கள் கூட்டமாகக் கப்பலேறியபோது, கணவரோடு யாஃபாவுக்கு வந்தாளாம். கப்பலில் இவ்வளவுதான் மூட்டை என்று அளவு வைத்திருந்ததால், தொப்பிக்கு வடிவம் பிடிக்கிற மரத்தலைகளைப் பரணிலேயே விட்டுவிட்டு வந்தாள். அங்கே அலுமினியச் சட்டியைக் கவிழ்த்துவைத்து அதன் மேல்தான் தொப்பி தைத்தாள். வருஷம் ஒருமுறை பழைய வீட்டுக்கு எழுதுவாள். வீடு வேண்டாம், அதை நினைக்கவே இல்லை, அந்த ஐந்து தலைகளை யாராவது மூட்டை கட்டி அனுப்ப முடியுமா, அனுப்பும் செலவை நான் கொடுக்கிறேன் என்பதுதான் கடிதம். எல்லாம் திரும்பி வந்தது. எழுபத்தைந்து வசந்தத்தில் இறந்துவிட்டாள். கடைசிப் பத்தியில் ரஹமிம் இப்படி எழுதியிருந்தார்: ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அவள் மாடிப்படியில் நின்று, அந்த ஊர்த் தபால்காரன் கையில் முத்திரை கிடைத்த கழுதை என்று திட்டுவாள்.

நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

"கழுதையா?" என்றார் அக்கா.

"அப்படித்தான் இருக்கு."

"அவன்னு நினைச்சிட்டா. பொம்பளைன்னு தெரியாது." கொஞ்ச நேரம் கைக்குட்டையைத் தேடினார். "சரியாத்தான் சொல்லியிருக்கா. மேல படி."

க்ராசென் போய், ஜன்னலில் இருந்த தலைகளிலிருந்து தொப்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். அடியில் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொன்றின் அடியிலும் 1924 என்ற வருஷமும், கத்தியால் செதுக்கிய "ரெ" என்ற எழுத்தும் இருந்தன. அத்தனை வருஷமும் அவர் அந்த எழுத்தைத் தச்சனின் அடையாளம் என்று நினைத்திருந்தார். யாஃபாவுக்கு அனுப்பிவிடலாமா என்றார். யாருக்கு அனுப்புவது என்று அக்கா கேட்டார். பிள்ளைகள் இல்லை என்று ரஹமிம் எழுதியிருந்தார். தலைகள் ஜன்னலிலேயே இருந்தன, தொப்பி இல்லாமல்.

இனி பலகையை மாற்றுவது சுலபம் என்று நினைத்தோம். வீட்டுக்காரரே கேட்கிறார், ஆவணமும் இருக்கிறது. க்ராசெனும் அக்காவும் சேர்ந்தே மூன்று மாடி ஏறினார்கள்.

"முடியாது, அக்கா" என்றாள் எலித்சா. அவள் முகத்தைப் பார்த்தால் பாவமாகத்தான் இருந்தது. "ஐரோப்பிய நிதியில செஞ்சது. அஞ்சு வருஷத்துக்கு எதையும் மாத்தக் கூடாதுன்னு ஒப்பந்தம். ஆய்வுக்கு வந்து ஒவ்வொரு பலகையா எண்ணிப் பாப்பாங்க."

"தப்பா இருந்தாலுமா?"

"தப்பா இருக்கலாம். ஆனா இருக்கணும்."

அக்கா அன்று கத்தவில்லை. அந்த வாக்கியத்தை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். எலித்சா தரவில்லை.

என்னிடம் வந்து லேமினேஷன் செய்து தரச் சொன்னார். ஒரு தாளில் அவர் கையெழுத்தில் மூன்று வரி: 1924 முதல் 1949 வரை ரெபெக்கா அலாஜெம், தொப்பிகள். 1950 முதல் 1972 வரை ஹ்ரிஸ்தாக்கி, சவப்பெட்டி. 1951 முதல் மாடியில் பர்வானோவ் குடும்பம். முதல் வரியை அவரே எழுதினார் என்பதைக் கவனிக்க வேண்டும். கென்கோ அதைப் பார்த்துவிட்டு, "முதல்ல தொப்பின்னு ஒத்துக்கிட்டியே" என்றார். "உன் குடை எங்க?" என்று கேட்டார் அக்கா. அதன் பிறகு இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை, எனக்குக் கொஞ்சம் வியாபாரம் நடந்தது.

க்ராசென் அந்தத் தாளைக் கண்ணாடியின் உள்பக்கமாக ஒட்டிக்கொண்டார். வந்து தொலைந்தது அடுத்த தலைவலி. வாடிக்கையாளர்களுக்குத் தொப்பியைவிடச் சவப்பெட்டி பிடித்துவிட்டது. கேட்டுக் கேட்டுக் க்ராசென் கதை சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. ஹ்ரிஸ்தாக்கி மதியத் தூக்கத்தைச் சவப்பெட்டிக்குள் போட்டார் என்றார். ஒரே கடையில் தொப்பிக்கும் பெட்டிக்கும் சேர்த்து அளவெடுத்தார்கள் என்றார். அக்கா ஜன்னல் ஓர மேஜையில் காபியோடு உட்கார்ந்திருப்பார்.

"ரெண்டும் ஒரே காலம் இல்ல, க்ராசென்."

"கேக்குறவங்களுக்கு நல்லாயிருக்கு, அத்தை."

"அந்த மனுஷன் நாற்காலியில உக்காந்துதான் தூங்குவாரு. நான் பாத்திருக்கேன். கழுத்து இப்படித் தொங்கும்." கழுத்தைத் தொங்கவிட்டுக் காட்டுவார். வந்தவர்கள் அதையும் போட்டோ எடுத்துக்கொள்வார்கள்.

ஏன் இந்தப் பாடு என்று ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், என் பொறுமை போன ஒரு நாளில். அக்கா என்னை முறைத்தார். "அந்தம்மா ஏழு தடவை கேட்டா. ஏழு தடவையும் நான் முத்திரை குத்தினேன். இப்ப அவ பேரு இருக்க வேண்டிய இடத்துல வேற பேரு இருக்கு. நீயா இருந்தா தூங்குவியா? தூங்குவ. நீ தூங்குற ஆளு தான். இந்தா, இதை நாலு நகல் எடு."

ஐந்து வருஷம் முடிந்தது 2023ல். எலித்சா வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தாள். புதிதாக வந்தவர், இப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரியாது, முதலிலிருந்து படிவம் கொடுங்கள் என்றார். அக்கா தன் கோப்பைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தார். அதைத் தூக்க இரண்டு கை வேண்டும். அவர் இரண்டு நாள் அவகாசம் கேட்டார், மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டுவிட்டார். முழுவதும் படித்திருக்க முடியாது. பயந்திருப்பார்.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை, தூறிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆட்கள் ஏணியும் துளையிடும் கருவியுமாக வந்தார்கள். நகராட்சியிலிருந்து வேறு யாரும் வரவில்லை. பழைய பலகையைக் கழற்றிப் புதியதை வைத்தார்கள். மூன்று வரியும் இருந்தது. அலாஜெம் என்பதில் எழுத்துப் பிழை இல்லை. க்ராசென் தன் குடையை அக்காவுக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றார். நான் கடையை மூடிவிட்டு வந்து நின்றேன். கென்கோவும் நின்றார், கொஞ்சம் தள்ளி.

எழுபத்தைந்து வயது அக்கா, நான்காவது திருகு இறுகும் வரை பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏணியில் இருந்த ஆள் இறங்கி, கையைத் துடைத்துக்கொண்டு, "சரியா இருக்காம்மா?" என்றான்.

அவர் இரண்டு அடி பின்னால் போனார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"இடது பக்கம் ஒரு விரல் எறங்கியிருக்கு" என்றார். "மறுபடி ஏறு."

அவன் க்ராசெனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நாங்கள் இருவரும் தெருவைப் பார்த்தோம். அவன் ஏணியில் ஏறினான்.